பதித்த பெஞ்சா, நகரும் நாற்காலியா?

பொதுச் சதுக்கத்தில் உட்கார இடம் வேண்டும். சரி, எப்படிப்பட்ட இடம்?

சிமென்ட் பெஞ்சைப் பதித்துவிட்டால் திருட்டுப் பயமில்லை, பராமரிப்பும் குறைவு. ஆனால் நிழல் நகரும்போது அது நகராது. நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

தனி நாற்காலியை நிழலுக்கு இழுக்கலாம், வட்டமாகப் போடலாம், கூட்டத்தை விட்டுத் தள்ளியும் வைக்கலாம். நியூயார்க் சதுக்கங்களை ஆராய்ந்த வில்லியம் வைட் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்: பலர் நாற்காலியைக் காரணமே இல்லாமல் சற்று நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள். (நானும் அப்படித்தான்.) அங்குள்ள பிரையன்ட் பூங்கா 1992இல் மீண்டும் திறந்தபோது இத்தகைய நாற்காலிகளைத்தான் போட்டார்கள்.

கவனித்துக்கொள்ள ஆள் இல்லாத இடமென்றால் பெஞ்ச்தான். அதையும் எதிரெதிராக, முதுகுச் சாய்வோடு போடுங்கள்.