500 ரூபாய்க்குள் ரோஜா: பன்னீரா, பட்டனா, ஒட்டா?

ரோஜா கேட்டால் நர்சரியில் பெரும்பாலும் மூன்று வகையைக் காட்டுவார்கள்: பன்னீர் ரோஜா, பட்டன் ரோஜா, ஒட்டு ரோஜா (காட்டு ரோஜாவின் வேரில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டியது). "எல்லாமே நல்லா வரும், வெயில் மட்டும் படட்டும்" என்பார்கள். வெயில் மூன்றுக்கும் பொதுதான், தினமும் 5, 6 மணி நேரம் வேண்டும். மற்றபடி செலவு, பராமரிப்பு, செத்துப்போகும் வாய்ப்பு எல்லாமே வகைக்கு வகை மாறும். இங்கே சொல்வது சென்னை, திருச்சி, மதுரை மாதிரி சமவெளி ஊர்களுக்கு. ஊட்டி, ஓசூர்க் கணக்கு வேறு. ஊட்டி ரோஜாப் பூங்காவில் பார்த்த நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு வேளச்சேரி மாடிக்குச் செடி தேடினால் ஏமாற்றம்தான்.

கையில் 500 ரூபாய் இருந்தால் செடிக்கு 150-ஐத் தாண்ட வேண்டாம். மீதி தொட்டிக்கும் மண்ணுக்கும் போகட்டும். 300 ரூபாய்ச் செடியை 6 அங்குலத் தொட்டியில் வைப்பதைவிட 60 ரூபாய்ச் செடியை 12 அங்குலத் தொட்டியில் வைத்தால் பூ அதிகம் கிடைக்கும்.

பன்னீர் ரோஜா

முதல் செடிக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். குச்சியிலிருந்து தன் வேரிலேயே வளர்ந்த செடி என்பதால், வெயிலில் மேல்பாகம் காய்ந்தாலும் அடியிலிருந்து அதே பன்னீர் ரோஜாவே துளிர்த்து வரும். வாசனை உண்டு, நோயை ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. குறை என்றால், பூ ஒரு நாள் பூ. காலையில் பறித்துச் சாமிக்கோ தலைக்கோ வைத்துவிட வேண்டும். ஜாடியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் இதழ் கொட்டிவிடும். செடி நாலைந்து அடி உயரம் போகும், முள்ளும் அதிகம். குறுகலான பால்கனியில் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பட்டன் ரோஜா

இடம் குறைவாக இருப்பவர்களுக்கு. 8 முதல் 10 அங்குலத் தொட்டி போதும், கொத்துக் கொத்தாகப் பூக்கும், பூ செடியிலேயே பல நாள் நிற்கும். வாசனையை எதிர்பார்க்காதீர்கள். கோடையில் சிவப்புச் சிலந்தி வந்தால் முதலில் தாக்குவது இதைத்தான். இலை மேல்பக்கம் வெளிறி, அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அதுதான். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி அடங்கிவிடும்.

ஒட்டு ரோஜா

கடையில் கண்ணை இழுப்பது இதுதான். பெரிய பூ, நீளக் காம்பு, எண்ணற்ற நிறம். முதல் செடியாக வாங்கியவர்கள் அதிகம் இழப்பதும் இதைத்தான். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, வேரைச் சுற்றியிருக்கும் களிமண் உருண்டை. வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடிகளின் வேரில் பிசுபிசுப்பான மண்ணை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதை அப்படியே பொலபொலப்பான புது மண்ணில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணிலேயே இறங்கிப் போய்விடும், உருண்டை உள்ளே காய்ந்து கிடக்கும். சிலர் பயந்து தினமும் மூன்று வேளை ஊற்ற, உருண்டை சேறாகி வேர் அழுகும். இரண்டிலும் அறிகுறி ஒன்றே: முதல் வாரம் பூக்கும், அடுத்து இலை மஞ்சளாகிக் கொட்டும், மூன்றாவது வாரம் தண்டு நுனியிலிருந்து கறுக்கும். வாங்கி வந்ததும் கவரோடு ஒரு வாரம் அரை நிழலில் விடுங்கள். நடும் அன்று வேர்ப்பகுதியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளி ஓரத்து மண்ணை மட்டும் விரலால் மெதுவாகக் கரையுங்கள். நடுவில் இருப்பதைத் தொட வேண்டாம். மெல்லிய வேர்கள் அறுந்தால் செடி திரும்ப எழ மாதக்கணக்காகும்.

இரண்டாவது, ஒட்டுக் கட்டிய இடம். தண்டின் அடியில் ஒரு முடிச்சு மாதிரி தெரியும். அதற்கு மேலே இருப்பது நீங்கள் காசு கொடுத்த ரகம், கீழே இருப்பது காட்டு ரோஜா. கீழிருந்து விறுவிறுவென்று ஒரு கிளை கிளம்பினால் 'செடி நல்லா வருது' என்று சந்தோஷப்படுவார்கள். சில மாதங்களில் அந்தக் கிளையே சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ள, வாங்கிய ரகம் வாடிப்போகும். 'ஒரு காம்பில் ஏழு இலை என்றால் காட்டுக் கிளை, ஐந்து என்றால் நல்ல கிளை' என்ற கணக்கை நம்ப வேண்டாம். நல்ல ரகத்திலும் ஏழு இலை வரும். கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. முடிச்சுக்குக் கீழே என்றால் கத்தரிக்காமல் அடியோடு பிய்த்தெடுங்கள். கத்தரித்தால் அதே இடத்தில் இரண்டாக வரும். முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுவது இதனால்தான். ஒட்டில் பிளாஸ்டிக் டேப் இன்னும் இருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது பூவை எண்ணாதீர்கள். முடிச்சுக்கு மேலே பச்சையாக இரண்டு மூன்று தண்டுகளும் புதுத் துளிரும் இருந்தால் போதும்.

குச்சியா, செடியா?

பக்கத்து வீட்டில் பன்னீரோ பட்டனோ இருந்தால் குச்சி கேளுங்கள், செலவே இல்லை. பூத்து முடிந்த தண்டில் பென்சில் கனத்தில் 15 முதல் 20 செ.மீ. நீளம், நாலு கணு. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, இரண்டு கணு புதையும்படி நடுங்கள். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். மார்கழி, தை ஏற்ற காலம். இரண்டு வாரத்தில் துளிர் வரும். அது குச்சியில் இருக்கும் சேமிப்பில் வருவது, வேர் விட்டதற்கு அத்தாட்சி இல்லை. இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் வந்த வேரும் போய்விடும். ஆறு வாரம் பொறுங்கள். பத்துக் குச்சி வைத்து நாலு பிடித்தால் நல்ல கை. பொக்கேயில் வந்த ரோஜாக் காம்பை நட்டுப் பார்ப்பதில் பலன் குறைவு. அவை பசுமைக்குடிலுக்கான ரகங்கள். வேர் பிடித்தாலும் மொட்டை மாடி வெயிலில் திணறும்.

தொட்டி, மண், தீனி

மண் தொட்டி வேரைக் குளுமையாக வைக்கும், ஆனால் கனம், விலையும் கூட. 12 அங்குல குரோ பேக் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) மலிவு, வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் நைந்துபோகும். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டை நன்றாகக் கழுவி அடியில் விரல் கனத்தில் ஐந்து ஓட்டை போட்டால் எல்லாவற்றையும்விடச் சிக்கனம். வெள்ளை நிறமாகப் பார்த்து எடுங்கள், கறுப்பு சூடேறும்.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாண உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணலோ நன்றாக அலசிய தேங்காய் நாரோ ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

வீட்டுக் கழிவா, கடை உரமா என்பதில் தயக்கமே வேண்டாம். பால், சர்க்கரை கலந்த டீத்தூளும் பச்சை வாழைத்தோலும் எறும்பைக் கூட்டும், எறும்பு மாவுப்பூச்சியைக் கொண்டுவரும். முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும். 15 நாளைக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். வேகம் வேண்டுமென்றால் 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றலாம். நாற்றத்துக்கு அக்கம்பக்கம் புலம்பும், அது தனி விஷயம். டி.ஏ.பி. என்ற ரசாயன உரம் போடுவதானால் தண்டை ஒட்டாமல் தொட்டி ஓரமாக, அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை, இன்னும் சாணம் போட்டால் தீராது. ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே நல்லது.

மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் இலைப்பேன் என்ற சிறு பூச்சி. அந்த மொட்டுகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 2 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். ஒட்டு ரோஜாவில் இந்த வேலை வருடம் முழுக்க இருக்கும், பன்னீரில் எப்போதாவதுதான்.

கவாத்திலும், அதாவது கிளை வெட்டிவிடுவதிலும், அதே வித்தியாசம். பன்னீரைத் துணிந்து பாதிக்கு வெட்டலாம். ஒட்டில் பென்சிலைவிட மெல்லிய, காய்ந்த கிளைகளை எடுத்துவிட்டு, மீதியை வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். ஆறேழு வாரத்தில் பூ வரும். ஐப்பசி அடைமழையில் மட்டும் கத்தரியை எடுக்காதீர்கள். ஈரம் பட்ட வெட்டுவாய் வழியே கருகல் இறங்கி, ஒட்டு முடிச்சுவரை போய்விடும். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்த பிறகு வெட்டி, முனையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுங்கள்.