லூஸ்ல விக்கிற பப்பி ஃபுட் வாங்காதீங்க, எங்க குட்டி செத்துப் பொழைச்சுது

கும்பகோணம், வலங்கைமான், பாபநாசம் பக்கம் புதுசா நாய்க்குட்டி வாங்கியிருக்கவங்க இதைப் படிச்சிட்டு அப்புறமா கடைக்குப் போங்க. கடை பேரு போடல. கைல பில்லு இல்லாம பேரு போட்டா அந்தாளு என் மேலயே கேஸ் போட்டாலும் போடுவாரு.

ஐப்பசி ஆரம்பத்துல மன்னார்குடில ஃப்ரெண்டு வீட்டு லேப் (லேப்ரடார்) நாய் போட்ட குட்டில ஒண்ணைத் தூக்கிட்டு வந்தோம், 50 நாள் குட்டி. பாப்பா லியோன்னு பேரு வச்சா, எங்கம்மா முதல் நாள்லேர்ந்து மணின்னுதான் கூப்பிடுது, குட்டியும் மணின்னாதான் திரும்புது. ஃப்ரெண்டு அங்க போட்டுட்டிருந்த தீவனத்துல ரெண்டு நாளைக்கு கட்டிக் குடுத்து, இதே கம்பெனியையே ஒரு மாசம் போடு, உடனே மாத்தாதன்னு படிச்சுப் படிச்சு சொன்னான். நான் கேட்டேனா, இல்ல.

கும்பகோணத்துல பெட் ஷாப்புக்குப் போயி அந்த கம்பெனி பேக் கேட்டேன். 3 கிலோ 1,100 ரூபான்னு எடுத்து வச்சாரு. நான் பர்ஸைப் பாத்த உடனே மூஞ்சியப் படிச்சிட்டாரு போல, "தம்பி, இதுல பாதி காசு கவருக்குத்தான் போவுது, நம்மகிட்ட லூஸ்லயே வெளிநாட்டு பப்பி ஃபுட் இருக்கு, கிலோ 190தான், தஞ்சாவூர்லேர்ந்து வந்து வாங்கிட்டுப் போறாங்க"ன்னு சொல்லி வெள்ளக் கவர்ல 5 கிலோ போட்டு சீல் அடிச்சு குடுத்தாரு. கவர் மேல ஒரு நாய் படம், பப்பின்னு ஒரு ஸ்டிக்கர், அவ்ளோதான். தேதி இல்ல, கம்பெனி பேரு இல்ல. அதோட "லேப் குட்டிக்கு கால் வளைஞ்சிரும் தம்பி"ன்னு பயமுறுத்தி ஒரு கால்சியம் டானிக் 280 ரூபாய்க்கு தலைல கட்டினாரு. மொத்தம் 1,230. பில்லு கேட்டதுக்கு மெஷின் ரிப்பேர்னாரு, ஜிபே பண்ணிட்டு வந்துட்டேன்.

ரெண்டாம் நாளே பேதி. புது எடம், தண்ணி ஒத்துக்கலன்னு நெனச்சோம். மூணாம் நாள் ஏழெட்டு தடவ போச்சு, சளி மாதிரி, அதுல ரத்தம் கோடு கோடா, அப்புறம் கட்டிலுக்கு அடியில போயி சுருண்டு படுத்துட்டு கூப்பிட்டா வாலக் கூட ஆட்டல. ரத்தப்பேதின்னா பார்வோங்கற வைரஸ் நோய், பார்வோன்னா குட்டி தங்காதுன்னு யாரோ சொன்னது மண்டைல ஓடிட்டே இருந்துச்சு, விடிய விடிய அடைமழை வேற, காலைல துண்டுல சுத்தி தம்பிய பின்னாடி உக்கார வச்சு பைக்கிலயே மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா மொதல்ல பார்வோ கிட் வாங்கிட்டு வரச் சொல்லி டெஸ்ட் போட்டாங்க. ஒரு கோடுதான் விழுந்துச்சு, பார்வோ இல்லன்னாங்க, எனக்கு அங்கயே கண்ணுல தண்ணி வந்துட்டு. அப்புறம்தான் என்ன சாப்பாடு போடுறீங்கன்னு கேட்டாங்க. தம்பி திரும்ப வீட்டுக்குப் போயி கவர எடுத்துட்டு வந்தான், பேப்பர்ல கொட்டினாங்க. ரெண்டு சைஸ் உருண்டை, ரெண்டு கலர். ஒண்ணை நசுக்கி "மோந்து பாருங்க"ன்னாங்க, காறிப்போன தேங்காயெண்ணெய் மாதிரி ஒரு வாடை. அடியில தங்குன தூள் கட்டியாகி பச்சையா பூசணம். "வீட்ல மாடு இருக்கா? பூசணம் புடிச்ச கடலப் புண்ணாக்கை அதுக்கு வப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

அவங்க சொன்னது இதுதான். உருண்டை மேல கொழுப்பு தடவித்தான் வரும், மூட்டையைப் பிரிச்சு காத்துல வச்சா அது காறிடும், நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகை ஈரத்துல சீக்கிரமாவே பூசணம் புடிக்கும். சில பூசணத்துல அஃப்லடாக்சின்னு ஒரு விஷம் ஊறும், அது நாயோட ஈரலைக் கெடுக்கும். மணிக்கு அந்த அளவுக்குப் போகல, கெட்ட தீவனமும் திடீர்னு மாத்துனதும் சேந்து குடலைப் புண்ணாக்கியிருக்குன்னாங்க. சலைன் ஏத்தி, ரெண்டு நாளைக்கு தோல் இல்லாத கோழிய வேக வச்சு கொழைஞ்ச சாதத்தோட கொஞ்சம் கொஞ்சமா குடுக்கச் சொன்னாங்க. மூணு நாள் அலைச்சல், கிட், வெளிய வாங்குன மருந்துன்னு 4,000 தாண்டிருச்சு. கவர்ல மிச்சம் புடிக்கப் போயி வந்த வினை.

மணி எந்திரிச்சதும் கடைக்குப் போனேன். நான் போன நேரம் கடைப்பையன் உள்ள பெரிய மூட்டைலேர்ந்து அதே வெள்ளக் கவர்ல அள்ளிப் போட்டுட்டிருந்தான். மூட்டைல கொட்டை எழுத்துல அடல்ட்னு இருக்கு, எக்ஸ்பைரி முடிஞ்சு 4 மாசம். ஃபோனை எடுக்குறதுக்குள்ள சாக்கைத் திருப்பிப் போட்டுட்டாங்க. ஓனரு அசரவே இல்ல. "நாய்க்கு என்ன தம்பி பெருசு சிறுசு, எல்லாம் ஒண்ணுதான், பூசணம் இருந்தா வெயில்ல ஒரு நாள் காய வச்சுப் போடுங்க"ன்னாரு. காய வச்சா பூசணம் உதிரும், விஷம் உதிராது, வேக வச்சாலும் போவாது. காசு திருப்பித் தரமாட்டேன், வேணும்னா வேற ரெண்டு கிலோ அள்ளிட்டுப் போங்கன்னு பெருந்தன்மை வேற.

எல்லாம் ஒண்ணு இல்லீங்க. அமெரிக்காவுல தீவனத்துல என்னென்ன சத்து இருக்கணும்னு சொல்ற ஆஃப்கோன்னு (AAFCO) ஒரு அமைப்பு வச்சிருக்கற அளவுல வளர்ற குட்டிக்கு புரதம் கொறஞ்சது 22.5 சதவீதம், கொழுப்பு 8.5. பெரிய நாய்க்கு 18, 5.5 இருந்தா போதும். பேக்ல பப்பின்னோ குரோத்னோ இருக்கணும். லேப், ராஜபாளையம் மாதிரி பெருசா வளர்றதுக்கு லார்ஜ் பிரீட் பப்பின்னே தனியா வருது, அதுல கால்சியத்தை 1.8 சதவீதத்துக்கு மேல போகாம வச்சிருப்பாங்க. ஏன்னா சின்னக் குட்டிக்கு அதிகப்படி கால்சியத்தை வேணாம்னு தள்ளத் தெரியாது, குடுக்கறதெல்லாம் உடம்புல ஏறி எலும்பு கோணலாத்தான் வளரும். நல்ல பப்பி ஃபுட் போட்டா டானிக்கே தேவையில்ல, கால் வளையக்கூடாதுன்னு அவரு குடுத்த டானிக்தான் காலை வளைக்கும். அந்த பாட்டிலை டாக்டரம்மா குப்பைல போடச் சொன்னாங்க, 280 ரூபா, போட்டேன்.

எங்கப்பாதான் சரியாத் திட்டுனாரு. "சம்பாவுக்கு வெதை வாங்குறப்ப மூட்டைல நீல அட்டை இருக்கா, லாட் நம்பர் என்ன, எந்த தேதி வரைக்கும் செல்லும்னு மூணு தடவ பாக்குற, இதுக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?" சுருக்குன்னு பட்டுச்சு.

இப்ப ஃப்ரெண்டு சொன்ன அதே பேக், சீல் பிரிக்காதது, தயாரிச்ச மாசம், பேட்ச் நம்பர், எம்ஆர்பி பாத்து சின்ன பேக்காத்தான் வாங்குறேன், பெரிய பேக் லாபம்தான், ஆனா ஒரு மாசத்துல தீராது. கவரோடயே பழைய முறுக்கு டின்ல வச்சு மூடுறோம், தனியாக் கொட்டுறதில்ல, எக்ஸ்பைரி பாக்க கவர் வேணும்ல. பழையபடி மாறுறப்ப கோழி சாதத்துல கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசின்னு ஒரு வாரம் இழுத்தோம். வெதுவெதுன்னு தண்ணில ஊற வச்சு ஒரு நாளைக்கு நாலு வேளை, மிச்சம் வச்சா கொட்டிர்றது.

கடைக்காரரை விடல. பேக் பண்ணி விக்கிற பொருள்ல தயாரிச்சவன் பேரு, மாசம், எடை, விலை போட்டே ஆகணும்னு சட்டம் இருக்கு, நம்ம ஊர்ல அதைப் பாக்குறது தொழிலாளர் துறை, அங்க ஒரு மனு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல ஜிபே ஸ்கிரீன்ஷாட், கவர் ஃபோட்டோ வச்சு ஒரு புகார். நுகர்வோர் ஆணையத்துக்கே போனாலும் 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாதாம், ஆனா அந்த அலைச்சலுக்கு நாத்து நடவு முடியணும். மீதி 4 கிலோவை கவரோட கட்டி பரண்ல வச்சிருக்கேன், வீடே நாறுது தூக்கிப் போடுடான்னு அம்மா தெனம் கத்துது, புகாருக்கு வேணும்னு வச்சிருக்கேன்.