நீதிபதி நாற்காலியா, அரசு வழக்கறிஞர் பதவியா: சம்பளமும் பென்ஷனும்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளைக் கட்டினால் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான், சட்டம் முடித்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, ஜட்ஜ் பரீட்சைக்குப் படிக்கவா, பிராக்டிஸ் பண்ணி அரசு வழக்கறிஞர் ஆகவா?"

எங்கள் ஊரில் இரண்டையும் கவர்ன்மெண்ட் வேலை என்றே சொல்வார்கள். ஓய்வு பெறும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

உச்சியிலிருந்தே பார்ப்போம். மாநிலத்தின் மிகப் பெரிய சட்டப் பதவி அட்வகேட் ஜெனரல். அரசியல் சாசனத்தின் 165-வது பிரிவுப்படி ஆளுநர் நியமிக்கிறார். அவர் விரும்பும் வரைதான் பதவி. ஊதியமும் அவர் நிர்ணயிப்பதே. பிரிவை முழுக்கப் படித்துப் பாருங்கள், ஓய்வூதியம் என்ற சொல்லே இருக்காது. 2021-இல் ஆட்சி மாறியதும் விஜய் நாராயண் விலகி ஆர். சண்முகசுந்தரம் வந்தார். வழக்கமே அதுதான்.

உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி உள்ளவரைத்தான் அந்தப் பதவியில் வைக்கலாம். அதே தகுதியோடு நீதிபதியானவருக்கோ மாதம் 2,25,000 ரூபாய் சம்பளம், 62 வயதில் ஓய்வு, முழு ஓய்வூதியம் ஆண்டுக்கு 13,50,000. மாதக் கணக்கில் 1,12,500, அகவிலைப்படி தனி. வக்கீலாக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதியானவர், மாவட்ட நீதிபதியாக இருந்து ஆனவர் என்று பென்ஷனில் பாகுபாடு கூடாது என 2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழ்க் கோர்ட்டிலிருந்து படிப்படியாக ஏறுகிறவர்களுக்கு இது பெரிய நியாயம்.

வக்கீல் பக்கமும் ஒரு பலம் உண்டு. அட்வகேட் ஜெனரல் பதவியை விட்ட மறுநாளே கவுன் மாட்டிக்கொண்டு அதே கோர்ட்டில் வாதாடலாம். ஓய்வு பெற்ற நிரந்தர நீதிபதி தான் இருந்த உயர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. பெயரெடுத்தவருக்குப் பென்ஷனைவிடப் பெரிய சொத்து அந்தச் சுதந்திரம். ஆனால் பெயரெடுக்க எத்தனை வருஷம் ஆகும்? அதுவரை வீட்டைத் தாங்க ஆள் வேண்டுமே.

கீழ்ப்படியில் கணக்கு இன்னும் தெளிவு. சிவில் ஜட்ஜாகச் சேர்ந்தால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840. தேர்வாணையம் வழியாக உதவி அரசு வழக்கறிஞரானால் 56,100. இரண்டும் மாதச் சம்பளம். மாவட்ட நீதிமன்ற அரசு வழக்கறிஞர் பதவி அப்படியல்ல. அது குறிப்பிட்ட காலத்துக்கான நியமனம், பில் போட்டு வாங்கும் ஃபீஸ், பென்ஷன் கிடையாது. எங்கள் படகுப் பங்கு போலத்தான்: மீன்பாடு இருந்தால் பங்கு.

அக்கா முப்பது வருஷம் பங்குப் பணத்தில் குடும்பம் நடத்தியவள். "மாசாமாசம் வர்றது எது?" என்று மட்டும் கேட்டாள்.

ஜட்ஜ் பரீட்சைக்குப் படி என்றேன். சரி, அதற்கும் மூன்று வருஷ பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே 20 தீர்ப்பு வந்திருக்கிறது. இப்போது தினமும் காலை பஸ்ஸில் ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போய் வருகிறாள், மடியில் சாக்குப்பை அளவுக்குக் கட்டுகளோடு.