தக்கலை பக்கம் ஒரு கிழங்குக் கடை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற ரோட்டோரம் இருக்கிற சின்னக் கடை, போர்டுகூட கிடையாது. சாயங்காலம் நாலரைக்கு மேல் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளிதான்) மயக்கியது, அதாவது மசித்தது, சாளை (மத்தி) மீன் கறி, பால் சேர்க்காத கட்டன் சாயா, அவ்வளவுதான். கிழங்கு வெந்த தண்ணீரை நன்றாக வடித்துக் கொட்டுகிறார்கள், கசப்பு துளியும் இல்லை. தேங்காய், சீரகம், பூண்டு, காந்தாரி மிளகாய் சேர்த்து அகப்பைக் காம்பால் குத்தி மயக்கும்போது வரும் வாசனை ரோடு வரைக்கும் அடிக்கும். மீன்கறியில் புளி கொஞ்சம் தூக்கல், எனக்கு அது பிடித்திருந்தது.

அரைப் பிளேட் 30 ரூபாய், முழுசு 50. முழுசு கேட்டால் கடை அக்கா, "மொதல்ல அரை தின்னுங்க மக்களே, போதாட்டி கேளுங்க" என்கிறார். மறுபடி வைக்கிற கிழங்குக்குக் காசு வாங்குவதில்லை, மீனுக்கு மட்டும்தான். தட்டில் மிச்சம் வைத்தால் அவர் முகம் வாடிவிடுகிறது.

என் பாட்டியும் அப்படித்தான். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நம்ம பகுதி ஜனங்களின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான். சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்த பாட்டி, கடைசி வரை தரையில் விழுந்த துண்டைக்கூட கழுவித்தான் தின்றார்.

போன வாரம் வயதான ஒருவர் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார், எதுவும் கேட்கவில்லை. அக்கா மீன் துண்டை அடியில் வைத்து மேலே கிழங்கை மூடிக் கொடுத்தார், நாங்கள் சாப்பிடுகிற அதே மாதிரித் தட்டில்தான். காசு பற்றி இருவருமே பேசவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு அப்புறம் கை சாப்பாட்டிலேயே நின்றுவிட்டது.

2024-ல் உலகத்தில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு. 2022-ல் மட்டும் 105 கோடி டன் உணவு வீணானதாம், அதில் 60 சதவீதம் வீடுகளில். நான் தட்டைக் காலி செய்தால் சூடானில் ஒரு பிள்ளைக்குச் சோறு போய்ச் சேராது, தெரியும். ஆனாலும் சாப்பிடும் முன் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு ராத்திரி மிஞ்சிய சோற்றைக் குப்பையில் தட்டுகிற என் வீட்டுப் பழக்கம் அன்றைக்கு உறுத்தியது. இப்போது அரிசி அரை டம்ளர் குறைத்துத்தான் போடுகிறோம். கடைக்குப் போனால் அந்தப் பெரியவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வருகிறேன், அக்கா முதலில் வாங்க மாட்டேன் என்றார், அப்புறம் சரி என்றார்.

இரண்டே பெஞ்சுதான், பைக் நிறுத்த இடமில்லை. ஏழு மணிக்குள் போய்விடுங்கள், மீன் தீர்ந்துவிடும். பார்சல் வாழையிலையில் கட்டித் தருவார், கறிக்குப் பாத்திரம் கொண்டுபோங்கள்.