ஒரே பெயர்ப்பலகை, இரண்டு கைரோபிராக்டிக்: எதை நம்பிப் போவது?

முதுகு வலிக்குக் கைரோபிராக்டரா (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை தருபவர்), பிசியோதெரபிஸ்டா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்த ஒப்பீட்டில் பெரிய சுவாரசியம் இல்லை, கீழே சுருக்கமாக முடித்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது, கைரோபிராக்டிக் என்ற ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தொழில்களை. ஒன்று, முள்ளெலும்பின் 'விலகலை'த் தேடித் திருத்துகிறது. அந்த விலகலுக்கு அவர்கள் வைத்த பெயர் சப்லக்சேஷன். மற்றது, முதுகு வலியையும் கழுத்து வலியையும் பரிசோதித்து, கையால் செய்யும் சிகிச்சையும் உடற்பயிற்சியும் கொடுத்து, தன்னால் ஆகாததை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறது. இரு தரப்பும் வைத்திருப்பது ஒரே பட்டம், ஒரே உரிமம். படுக்க வைக்கும் மேசைகூட ஒன்றுதான். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவதுதான். முதலாவதை நவீன மருத்துவ அமைப்பின் எந்த அறையிலும் பொருத்த முடியவில்லை.

இந்தப் பிளவு நேற்று வந்ததில்லை. 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட்டில், டி.டி. பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்டு என்ற கட்டடப் பராமரிப்புத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தி, போயிருந்த செவித்திறனை மீட்டதாகச் சொன்னார். தொழில் அங்கே தொடங்குகிறது. நோய்களில் 95 சதவீதம் முள்ளெலும்பு இடம்பெயர்வதால் வருபவை என்று 1910-இல் எழுதியும் வைத்தார். மகன் பி.ஜே. பால்மர் அதை இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வழியில் நின்றவர்கள் 'ஸ்ட்ரெயிட்' என்று அழைக்கப்பட்டார்கள். ஒத்தடம், மின்தூண்டல், பயிற்சி என்று பிறவற்றையும் சேர்த்துக்கொண்டவர்கள் 'மிக்சர்'. 1906-இலேயே ஜான் ஹோவர்டு தனியே பிரிந்துபோய் இன்னொரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1924-இல் பி.ஜே. நியூரோகலோமீட்டர் என்ற கருவியைக் கொண்டுவந்தார். முதுகின் இருபுறமும் உள்ள வெப்பத்தை ஒப்பிட்டு அது சப்லக்சேஷனைக் காட்டிவிடுமாம். விற்க மாட்டார், வாடகைக்குத்தான் கொடுப்பார். அவரோடு இருந்தவர்களிலேயே பலர் அப்போது விலகிப் போனார்கள்.

சப்லக்சேஷன் என்ற சொல் மருத்துவத்திலும் உண்டு. அங்கே அது மூட்டு பாதி நழுவிய நிலை, எக்ஸ்ரேயில் தெரியும், அளந்து சொல்லலாம். கைரோபிராக்டிக்கின் சப்லக்சேஷனை இப்படிப் பிடித்துக் காட்ட முடிவதில்லை. ஒரே முதுகைத் தடவிப் பார்த்து, எந்த முள்ளெலும்பு 'இறுகியிருக்கிறது' என்று இருவர் தனித்தனியே குறித்தால், அந்தக் குறிப்புகள் ஒத்துப்போவது அரிது. இது திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த விஷயம். பிரிட்டனில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல், இது வரலாற்றுக் கருத்து, கோட்பாட்டளவில் நிற்பது, நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்துவிட்டது.

அப்படியானால் மேசையில் என்னதான் நடக்கிறது? மூட்டை அதன் அசைவின் எல்லைவரை கொண்டுபோய் நிறுத்தி, 0.2 நொடிக்குள் ஒரு குறுகிய உந்தல். நடு முதுகிலும் இடுப்பிலும் சில நூறு நியூட்டன் விசை இறங்கும், கழுத்தில் அதைவிட வெகு குறைவு. 'சடக்' என்று கேட்பது விரலில் நெட்டி முறிவதுபோலத்தான்: மூட்டுத் திரவத்தின் அழுத்தம் சட்டெனக் குறைந்து வாயுக் குழி உண்டாகிறது. 2015-இல் விரல் மூட்டை எம்ஆர்ஐயில் நேரடியாகப் படம்பிடித்தபோது அந்தக் குழி உருவாவது தெரிந்தது. ஒருமுறை முறிந்த மூட்டு ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு மறுபடி முறியாது. எலும்பு 'இடத்தில் உட்கார்ந்த' ஒலி அது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இடுப்பின் சாக்ரோஇலியாக் மூட்டில் உந்தலுக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே முறையில் துல்லியமாக அளந்து 1998-இல் வெளியான ஆய்வில் எலும்பின் நிலை மாறவே இல்லை. ஆனாலும் பலருக்கு வலி குறைகிறது, அசைவு கூடுகிறது. நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதத்திலும் தசையின் இறுக்கத்திலும் தற்காலிகமாக ஏற்படும் மாற்றம்தான் இன்று ஓரளவு ஏற்கத்தக்க விளக்கம். முழு விளக்கம் இன்னும் யார் கையிலும் இல்லை.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன்: சிகிச்சை எப்போது முடியும்?

வலியும் இயக்கமும்தான் இலக்கு என்றால் முடிவுப் புள்ளி தானாக வந்துவிடுகிறது. முதல் நாளே 0 முதல் 10 வரை வலிக்கு மதிப்பெண், வலி அன்றாட வேலையை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி அல்லது 24 கேள்விகள் கொண்ட ரோலண்ட்-மோரிஸ் வினாத்தாள், கூடவே நோயாளிக்குத் தேவையான ஒரு செயல். 'அரை மணி நேரம் தொடர்ந்து உட்கார வேண்டும்' என்பதுபோல. வாரம் இருமுறை, இரண்டு மூன்று வாரம். பிறகு அதே வினாத்தாளை மறுபடி நிரப்பச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலிருந்து 30 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் அதே உந்தலை இன்னும் பத்து முறை செய்து பயன் இல்லை. நோயறிதல் தவறியிருக்கலாம், பயிற்சி பொருந்தாமலிருக்கலாம், மனச்சோர்வோ தூக்கமின்மையோ வலியைப் பிடித்து வைத்திருக்கலாம். எது என்று பார்த்துத் திட்டத்தை மாற்ற வேண்டும், அல்லது வேறிடம் அனுப்ப வேண்டும். குறைந்துவிட்டது என்றால் இடைவெளியை நீட்டி, பயிற்சியை அவரிடமே ஒப்படைத்து, கணக்கை முடித்துவிடலாம். அமெரிக்கப் படையினர் 750 பேரை வைத்து 2018-இல் வெளியான சோதனையில் வழக்கமான மருத்துவத்தோடு 6 வாரத்தில் அதிகபட்சம் 12 கைரோபிராக்டிக் அமர்வுகள்; வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு வலி மிதமாகக் குறைந்தது. பன்னிரண்டு என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சப்லக்சேஷன் இலக்கு என்றால் இந்தக் கணக்கே வராது. வலி போனாலும் 'விலகல்' இருக்கும். இருக்கிறது என்று சொல்பவரும் திருத்துபவரும் ஒருவரே. வாரம் மூன்று முறை, மாதக்கணக்கில், முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று திட்டம் நீளும். கழுத்தின் வளைவு 'சரியாகிறதா' என்று பார்க்க முன்னும் பின்னும் எக்ஸ்ரே. அந்தப் படத்தை வைத்துப் பயமுறுத்துவதும் எளிது. வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்தபோது 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. படத்தில் ஏதோ ஒன்று அநேகமாக எப்போதும் இருக்கும். ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத புதிய இடுப்பு வலிக்கு முதல் 6 வாரம் படமெடுக்க வேண்டாம் என்று 2017-இல் அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே சொன்னது. தொழிலின் பெரிய சங்கம் ஒருபக்கம் இப்படிச் சொல்ல, முதல் நாளே முழு முதுகையும் படமெடுப்பவர்கள் மறுபக்கம் அதே பட்டத்தோடு இருக்கிறார்கள்.

சட்டமும் குழப்பத்துக்குத் துணை போனது. 1972-இல் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் கைரோபிராக்டிக் சேர்க்கப்பட்டபோது, 'சப்லக்சேஷனைத் திருத்தக் கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சைக்கு மட்டும்' என்று எழுதிவிட்டார்கள். 1999 முடியும்வரை அதை எக்ஸ்ரேயில் காட்டவும் வேண்டியிருந்தது. நம்பாதவரும் பணம் பெற அந்தச் சொல்லை எழுதியாக வேண்டும். தொழிலை மாற்ற விரும்புபவர்களின் காலை இன்றும் இழுத்துப் பிடித்திருப்பது கொள்கையைவிட இந்தப் பில் எழுதும் படிவம்தான் என்பது என் எண்ணம். வேடிக்கை என்னவென்றால், அதே மெடிகேர் 'பராமரிப்பு' அமர்வுகளுக்குப் பணம் தருவதில்லை.

பராமரிப்பு அமர்வு முழுக்க ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் என் உறுதி கொஞ்சம் தளர்கிறது. 328 பேரை ஓராண்டு தொடர்ந்து 2018-இல் வெளியான சுவீடன் சோதனையில், முன்கூட்டியே திட்டமிட்ட இடைவெளியில் வந்தவர்களுக்கு, வலித்தால் மட்டும் வந்தவர்களைவிடத் தொந்தரவு தரும் வலி நாட்கள் ஏறக்குறைய 13 குறைந்தன. கூடுதலாக ஆனது இரண்டுக்கும் குறைவான அமர்வுகள். ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள்: அடிக்கடி இடுப்பு வலி திரும்பி வருபவர்கள், முதல் சிகிச்சையிலேயே நன்றாகத் தேறியவர்கள். அவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது நியாயம். வலியே வந்திராதவருக்கு வாரம் ஒருமுறை என்பதற்கு இந்தச் சோதனையைச் சாட்சிக்கு இழுப்பது புரட்டு.

பாதுகாப்பும் இதே அடையாளக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. சிறுநீர் வராமல் தேங்குவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது: இது முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம், அன்றே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். முன்பு புற்றுநோய், காய்ச்சலோடு முதுகு வலி, நெடுநாள் ஸ்டீராய்டு, எலும்பு வலுவிழப்பு (ஆஸ்டியோபோரோசிஸ்), விழுந்த அடி இருந்தால் உந்தலுக்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டும். கழுத்தில் இன்னும் கவனம். இதுவரை வராத வகைக் கழுத்து வலி அல்லது தலைவலியோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், தள்ளாட்டம் ஏதாவது சேர்ந்தால் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்துகொண்டிருக்கலாம், அது பக்கவாதத்தில் முடியலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வு, இந்தப் பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரிடம் போனதற்கும் குடும்ப மருத்துவரிடம் போனதற்கும் ஒத்த தொடர்பே கண்டது. கிழியத் தொடங்கிய வலியோடுதான் பலர் வந்திருக்கலாம் என்பது அதன் விளக்கம். சரி, ஆனால் வந்தவரின் கழுத்தைத் திருகலாம் என்று அது சொல்லவில்லை. எல்லாவற்றையும் சப்லக்சேஷனாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இதைப் பிரித்தறியக் காரணமே இருக்காது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பிசியோதெரபியோடு ஒப்பீடு சுருக்கமாக. நீடித்த இடுப்பு வலிக்கு 47 சோதனைகளையும் 9,211 பேரையும் சேர்த்துப் பார்த்த 2019 தொகுப்பில், கையால் செய்யும் உந்தலும் பயிற்சி போன்ற பிற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளும் வலியைக் குறைப்பதில் ஏறக்குறைய சமம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் உந்தலைப் பயிற்சியோடு சேர்த்துத் தந்தால் மட்டும் ஏற்றது. கைப்பழக்கத்தில் கைரோபிராக்டர் பெரும்பாலும் தேர்ந்தவர். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வகுத்த குறைந்தபட்சமே 4,200 மணி நேரப் படிப்பு, அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளோடு. அறுவை சிகிச்சைக்குப் பின், பக்கவாதத்துக்குப் பின் மீட்டெடுப்பது பிசியோதெரபியின் நிலம். ஆஸ்துமா போன்ற உள்நோய்களுக்கு உந்தல் வேண்டவே வேண்டாம்: 1998-இல் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் உண்மையான உந்தலும் போலி உந்தலும் ஒரே பலனைத்தான் தந்தன.

தொழிலின் இடம் பற்றிப் பேசும்போது அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு எதிரான வழக்கைப் பலர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். 1963-இல் 'போலி மருத்துவ' எதிர்ப்புக் குழு ஒன்றை அமைத்து, கைரோபிராக்டர்களோடு மருத்துவர்கள் சேரக் கூடாது என்று அந்தச் சங்கம் நெருக்கியது. செஸ்டர் வில்க் உள்ளிட்டோர் 1976-இல் வழக்குப் போட்டார்கள், 1987-இல் வென்றார்கள். அந்தப் புறக்கணிப்பு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பதுதான் தீர்ப்பு. கைரோபிராக்டிக் விஞ்ஞானப்படி சரி என்று அதில் இல்லை. கையால் செய்யும் சிகிச்சையிலிருந்தே வளர்ந்த இன்னொரு தொழிலான ஆஸ்டியோபதிபோல மருந்தெழுதும் உரிமை கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர்கள் அந்த உரிமையைப் பெற்றார்கள், 1962-இல் கலிபோர்னியாவில் பெரும்பாலோர் பட்டத்தையே எம்.டி.யாக (அங்கே வழக்கமான மருத்துவரின் பட்டம்) மாற்றிக்கொண்டார்கள். கையால் செய்யும் சிகிச்சை அவர்களிடம் இன்று ஓரத்துக்குப் போய்விட்டது. டென்மார்க்கின் ஓடென்சேயிலும் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலும் எடுத்த வழி எனக்குப் பிடிக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள், மருத்துவ மாணவர்களோடு அடிப்படைப் பாடம் படித்து, முதுகெலும்பு வலிக்கென்றே வெளியே வருகிறார்கள்.

போகிறவர் முதல் நாளில் நான்கு கேள்வி கேட்டால் போதும். எனக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? எத்தனை அமர்வுக்குப் பிறகு மறுபடி அளப்பீர்கள்? தேறாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? வீட்டில் நான் செய்ய வேண்டியது என்ன? நான்காவதற்குப் பதிலே இல்லை என்றால் முன்பணம் கட்டாமல் எழுந்துவிடலாம். எட்டும் தூரத்தில் முதல் வகைக் கைரோபிராக்டர் மட்டும்தான் இருக்கிறார் என்றால், கையால் சிகிச்சை செய்யத் தனிப்பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைத் தேடிப் போங்கள். அதே உந்தலை அவர்களில் பலரும் செய்கிறார்கள்.