விக்டோரியாவின் மூன்று பழைய ரயில் தடங்கள்: முதல் நெடும்பயணத்துக்கு எது?

மெல்பர்னில் சைக்கிள் ஓட்டும் நம்மவர்களிடம் மூன்று நாள் பயணம் என்று பேச்செடுத்தால் உடனே வரும் பதில் 'மர்ரே டு மவுண்டன்ஸ்'. தார் போட்ட பாதை, வழியெல்லாம் காபிக் கடை, கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம் என்பார்கள். நானும் முதலில் அங்கேதான் போனேன். இரண்டாவது தடவை போகும் எண்ணம் மட்டும் ஏனோ வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடக்கவும் மிதிக்கவும் விட்ட வழித்தடங்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நிறைய. பல நாள் பயணத்துக்கு ஏற்றவை என்று மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: வாங்கரட்டாவிலிருந்து பிரைட் போகும் மர்ரே டு மவுண்டன்ஸ், தலாரூக்குக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் இடையிலான கிரேட் விக்டோரியன், பேர்ன்ஸ்டேலிலிருந்து ஆர்பாஸ்ட் போகும் ஈஸ்ட் கிப்ஸ்லாந்து. தூரத்தை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது, மூன்றும் நூறு கிலோமீட்டரை ஒட்டியவைதான். தரை எப்படி, தண்ணீர் எங்கே கிடைக்கும், ரயில் எந்த முனைக்கு வரும் என்று பார்க்க வேண்டும்.

ஏற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீராவி எஞ்சின் ஏறமுடியாத மேட்டில் யாரும் தண்டவாளம் போடவில்லை, அதனால் செங்குத்து கிடையாது. ஆனால் மெல்லிய ஏற்றம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் விடாமல் நீளும். கண்ணுக்குச் சமதளம், காலுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவன் நான். உண்மையான செங்குத்து வருவது பழைய பாலம் இல்லாமல் போன இடங்களில். அங்கே பாதை ஓடைக்குள் சரிந்து மறுகரையில் ஏறும்.

மர்ரே டு மவுண்டன்ஸ், கிளைகளையும் சேர்த்து 116 கிலோமீட்டர். பிரதான பாதை முழுக்கத் தார் என்பதால் எந்த சைக்கிளும் போகும், குழந்தை வண்டியை இழுத்துக்கொண்டும் போகலாம். எவர்ட்டனில் பிரிந்து பீச்வொர்த் போகும் 16 கிலோமீட்டர் கிளையில்தான் சவால். அதற்குள் 300 மீட்டரளவு உயரம் ஏறவேண்டும். ஏறினால் தங்க வேட்டைக் காலத்துக் கல் கட்டடங்கள், 1880-இல் பேர்போன கொள்ளைக்காரன் நெட் கெல்லியை விசாரணைக்கு முதலில் நிறுத்திய நீதிமன்றம். மர்ட்டில்ஃபோர்டு பக்கம் புகையிலை உலர்த்திய பழைய கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. குறை என்னவென்றால், மர்ட்டில்ஃபோர்டு தாண்டியபின் நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே வருகிறது. கார் இரைச்சல் கேட்டபடிதான் போகவேண்டும். பிரைட்டில் இலை நிறம் மாறும் ஏப்ரல் கடைசியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

கிரேட் விக்டோரியன் அப்படியில்லை. அலெக்ஸாண்ட்ரா கிளையோடு சேர்த்து 134 கிலோமீட்டர். 1978-இல் மூடிய ரயில் வழி, 2012-இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். ஆற்றங்கரையில் தொடங்கி மேய்ச்சல் நிலத்துக்குள் நுழைந்து குன்றுகளைக் கடந்து, ஏரியைத் தாண்டி மான்ஸ்ஃபீல்டில் போய்ச் சேரும். யே ஊருக்குக் கிழக்கே செவியட் சுரங்கப்பாதை: 1889-இல் செங்கல்லால் கட்டியது, 201 மீட்டர். நடுவே வெளிச்சம் குறையும்போது கருப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்தவர்கள் திணறுவார்கள். வெயில் நாளில் உள்ளே நுழைந்ததும் மேலில் படும் குளிர்ச்சிக்காகவே ஒருமுறை திரும்பிப் போய் மறுபடி வந்தேன். பானி டூனில் ஐல்டன் ஏரியின் மேல் 385 மீட்டர் பாலம். ஏரி நிறைந்திருந்தால் தண்ணீர்மேல் மிதிக்கிற மாதிரி, வற்றியிருந்தால் சேறும் பட்ட மரங்களும்.

தரை, இறுகிய சரளை. 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம். ஒல்லி டயரில் போய் இரண்டு நாள் கை மரத்துத் திரும்பினேன். வரைபடத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கடை இருக்கும் என்று நம்பவும் கூடாது. செவியட், காத்கின் எல்லாம் ஒருகாலத்தில் ரயில் நின்ற இடங்கள். ரயில் போனது, பெயர்ப்பலகை மிஞ்சியது.

ஈஸ்ட் கிப்ஸ்லாந்து மூன்றிலும் தனி ரகம். ஊர்களைவிடக் காடுதான் அதிகம். ப்ரூதனிலிருந்து நோவா நோவா வரை கிட்டத்தட்ட 40 கிலோமீட்டருக்குக் கடை கிடையாது. அந்தக் காட்டு நடுவில் ஸ்டோனி கிரீக் மரப்பாலம், 1916-இல் கட்டியது, ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். மேலே ஏற விடமாட்டார்கள், கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். ரயில் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும். பஞ்சர் ஒட்டத் தெரியாதவர்கள், செல்போன் சிக்னல் இல்லாவிட்டால் பதறுபவர்கள் இதை முதல் பயணமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆர்பாஸ்டில் ரயிலும் இல்லை. வந்த வழியே திரும்பவேண்டும், அல்லது வண்டி ஏற்பாடு செய்யவேண்டும்.

அந்தத் தலைவலி மூன்றிலும் உண்டு. ரயில் ஒரு முனைக்குத்தான் வருகிறது. ரயிலில் சைக்கிளுக்கு இடமிருந்தால் ஏற்றலாம், உத்தரவாதம் கிடையாது. பேருந்தை நம்பவே வேண்டாம். வாங்கரட்டாவுக்கும் பேர்ன்ஸ்டேலுக்கும் ஒரு நாளில் சில ரயில்கள்தான். தலாரூக்கோ சீமூர் ரயில் நிற்கும் இடம், மெல்பர்னுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒன்றில் இடமில்லையென்றால் அடுத்ததற்குக் காத்திருக்கலாம். என் கணக்கில் கிரேட் விக்டோரியனுக்கு இதுவே பெரிய பலம்.

சைவர்களுக்கு மூன்றுமே சோதனைதான். கிராமத்து பப்பில் எட்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள், திங்கள் செவ்வாயில் பல இடங்கள் திறப்பதே இல்லை. சீஸ் டோஸ்டும் சிப்ஸும் சலித்த முதல் பயணத்துக்குப் பிறகு புளியோதரை கட்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன். குளிர் நாளில் இரண்டாம் நாளும் கெடாது.

கோடையில், அதாவது இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, போகாதீர்கள். வெயிலை விடுங்கள், காட்டுத்தீ அபாயம் இருக்கிறது. வசந்தத்தில் கூடு கட்டிய மேக்பை பறவைகள் தலையைக் குறிவைத்துப் பாயும். ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் பட்டிகளைக் குத்திட்டு நிற்கவைத்து ஓட்டுபவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம், அடுத்த வருடம் நீங்களும் செய்வீர்கள். மார்ச் நடுவிலிருந்து மே வரைதான் என் தேர்வு.

சின்னக் குழந்தைகளோடு போகிறீர்களா, தயங்காமல் வாங்கரட்டாவுக்கு டிக்கெட் எடுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் வண்டி பிடித்து மான்ஸ்ஃபீல்டு போய் அங்கிருந்து தலாரூக் நோக்கி இறங்கி வாருங்கள், மொத்தக் கணக்கில் இது இறக்கம். பானி டூனைத் தாண்டி மெர்ட்டன் மேட்டை ஏறி, முதல் இரவு யார்க்கில். மறுநாள் அலெக்ஸாண்ட்ரா கிளைக்குப் போய்த் திரும்பி, சுரங்கம் வழியாக யே. மூன்றாம் நாள் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவில் கடைகள் அரிது என்பதால் தண்ணீரை யேயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.