மடிப்பா, சின்னமா, நிறமா: கிரேக்கப் புராணத்தை அன்றாட உடையில் கொண்டுவரும் வழிகள்

கிரேக்கப் புராணத்தின் சாயலில் உடுத்த விரும்புகிறவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பழங்கிரேக்கர்கள் துணியைச் சுற்றி, மடித்து, இடுப்பில் கட்டிய விதத்தையே இன்றைய துணியில் திரும்பச் செய்வது ஒன்று. உடை எப்போதும் போல இருக்க, ஆந்தை, லாரல் இலை, பாம்பு, பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி மெடூசாவின் முகம் முதலிய சின்னங்களை நகையாகவோ அச்சாகவோ சேர்த்துக்கொள்வது இன்னொன்று. காவியங்கள் ஒரு தெய்வத்துக்குச் சூட்டிய அடைமொழியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள நிறத்தை மட்டும் உடைக்குக் கொண்டுவருவது மூன்றாவது. விருந்துக்கோ புகைப்படத்துக்கோ என்றால் இவற்றில் எதுவும் பொருந்தும். பேருந்தில் ஏறி, நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் நடந்து வீடு திரும்புகிற சாதாரண நாளுக்கு என்று வரும்போது இவை சமமாக நிற்பதில்லை. என் வாக்கு மூன்றாவது வழிக்கே. ஆனால் முதல் வழியிலிருந்து ஓர் இடுப்புக்கட்டையும் இரண்டாவதிலிருந்து ஒரே ஓர் அலங்கார ஊசியையும் அது கடன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மடிப்பு வழிதான் பலரையும் முதலில் இழுக்கிறது. அதற்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டு. பெப்லோஸ் என்பது தையல் ஏதுமில்லாத நீள்சதுரக் கம்பளித் துணி. அதன் மேல்பகுதியை வெளிப்புறமாக மடித்துத் தொங்கவிட்டு, உடலைச் சுற்றிக்கொண்டு, இரண்டு தோள்களிலும் நீண்ட ஊசிகளால் குத்தி நிறுத்துவார்கள். கிட்டோன் என்பது மெல்லிய லினன் துணியில் ஆனது. பக்கவாட்டில் தைக்கப்பட்டு, தோளிலிருந்து கைவரை சிறு பொத்தான்களாலோ தையலாலோ இணைக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான நுண்மடிப்புகளோடு விழும். ஏதென்ஸ் நகரப் பெண்கள் முன்னதை விட்டுப் பின்னதற்கு மாறியதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் தம் வரலாற்றின் ஐந்தாம் நூலில் ஒரு கொடிய காரணம் சொல்கிறார். ஐகினா தீவின் மீது படையெடுத்துப் போனவர்களில் ஒரே ஒருவன் மட்டும் உயிரோடு திரும்பினான். மாண்டவர்களின் மனைவியர் அவனைச் சூழ்ந்துகொண்டு, தன் கணவன் எங்கே என்று ஒவ்வொருத்தியும் கேட்டபடியே தோளிலிருந்த ஊசியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். அதன் பிறகுதான் ஊசி தேவைப்படாத லினன் உடை அவர்களுக்கு விதிக்கப்பட்டதாம். இந்த விவரம் வரலாறாக எவ்வளவு நிற்கும் என்பது ஒருபுறமிருக்க, இரண்டு உடைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பெப்லோஸின் உயிர் ஊசியில் இருக்கிறது. கிட்டோனின் உயிர் துணியின் மென்மையில் இருக்கிறது.

இன்றைய அன்றாட உடைக்கு இந்த இரண்டில் எதைப் பின்பற்றுவது? கிட்டோனைப் பின்பற்றுகிறவர் மடிப்போடு ஓயாமல் போராட வேண்டியிருக்கும். லினனிலும் பருத்தியிலும் அழுத்திவைத்த மடிப்பு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கிவிடும். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழையே சூட்டில் இளகி, ஆறும்போது மடிப்பை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்கிறது. வெனிஸ் நகரில் பணியாற்றிய ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபார்ச்சூனி, டெல்ஃபி நகரத்து வெண்கலத் தேரோட்டிச் சிலையின் நீள உடையை மனத்தில் கொண்டு ‘டெல்ஃபோஸ்’ என்ற பட்டு உடையை உருவாக்கி, 1909-இல் அதன் மடிப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உடையை மடித்து அடுக்கி வைப்பதில்லை. நூற்கண்டைப் போல முறுக்கிச் சுருட்டி வைப்பார்கள். தண்ணீர் பட்டு மடிப்பு கலைந்தால் அவருடைய பட்டறைக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அழகில் அதற்கு இணையில்லை. ஆனால் மழைக்கு அஞ்சி உடுத்துகிற ஒன்றை அன்றாட உடை என்று சொல்வதற்கில்லை.

பெப்லோஸைப் பின்பற்றுவது இதைவிட எளிது, ஏனென்றால் அது மடிப்பின் எண்ணிக்கையை நம்பவில்லை. சற்றே கனமுள்ள ஜெர்சி துணியில், மேலே ஓர் அடுக்கு மடிந்து இடுப்புவரை தொங்கும்படி தைத்த கையில்லாச் சட்டையே போதும். கசங்கல் தெரியாது, இஸ்திரியும் வேண்டாம். இதில் இடுப்புக்கட்டை எங்கே கட்டுகிறோம் என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. தொங்கும் அடுக்குக்கு அடியில் கட்டினால் தோற்றம் தளர்வாக இருக்கும். அடுக்கின் மேலேயே கட்டினால் இறுக்கமாக, போருக்கு ஆயத்தமானது போல இருக்கும். கி.மு. 438-இல் பார்த்தினான் கோயிலில் நிறுவப்பட்ட, சிற்பி ஃபீடியாஸ் செய்த, அறிவுக்கும் போருக்கும் தெய்வமான அதீனாவின் சிலை, அதன் சிறு பிரதிகளிலிருந்து தெரிகிறபடி, இரண்டாவது வகையில்தான் கட்டியிருந்தது. அலுவலகத்துக்கு எனக்குப் பிடித்ததும் அதுவே. ஒற்றைத் தோள் உடையை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; கைப்பையின் வாரை எந்தத் தோளில் மாட்டுவது என்று தெரியாமல் ஒரு முழுநாளைக் கழித்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

சின்னங்களின் வழி மலிவானது, எளிதானது, ஆபத்தானதும் கூட. பொன்னிற லாரல் இலைப் பட்டையைத் தலையில் வைத்த உடனேயே மற்ற எல்லாம் நாடக உடையாகிவிடும். மெடூசாவின் முகம் பழங்காலத்தில் தீங்கை விரட்டும் காப்பாக இருந்தது. அதீனா அதைத் தன் மார்புக் கவசத்தில் அணிந்திருந்தாள். இன்று அந்த முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு நினைவுக்கு வருவது வெர்சாச்சே ஆடை நிறுவனத்தின் முத்திரைதான். புராணம் பின்னால் போய்விடுகிறது. கழுத்தில் ஆந்தை நாணயத்தைப் பதக்கமாகத் தொங்கவிடுவது இவற்றைவிட நல்ல தேர்வு. பழைய ஏதென்ஸின் வெள்ளி நாணயத்தில் ஆந்தையும் ஒலிவக் கிளையும் இருந்தன. கிரீஸ் இன்று வெளியிடும் ஒரு யூரோ நாணயத்திலும் அதே உருவம் இருக்கிறது. அதாவது, அது எப்போதும் மக்கள் கையில் புழங்கிய பொருள், உடையிலும் புழங்கும். பாதாள அரசன் கவர்ந்துசென்ற பெர்செஃபொனியை நினைவூட்ட மாதுளை அச்சுப் போட்ட பாவாடையைவிட, கார்னெட் கல் பதித்த ஒரு சிறு தோடு மேல். அந்தக் கல்லின் பெயரே மாதுளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாதாளத்தில் அவள் தின்ற விதையின் நிறமும் அதுதான்.

நிறத்தின் வழிக்கு வருவதற்கு முன்னால் ஒரு தவற்றைக் களைய வேண்டும். கிரேக்கம் என்றவுடன் வெள்ளை உடை என்று எண்ணுவது, நிறம் உதிர்ந்த பளிங்குச் சிலைகளைப் பார்த்துப் பழகியதால் வந்த பழக்கம். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும், கி.மு. 530-ஐ ஒட்டிய ‘பெப்லோஸ் கன்னி’யின் சிலையிலேயே வண்ணத்தின் எச்சங்கள் உள்ளன, ஜெர்மானிய ஆய்வாளர் வின்சென்ஸ் பிரிங்க்மானும் அவருடைய குழுவினரும் அந்த எச்சங்களைக் கொண்டு, நெருக்கமான வடிவங்களும் பளிச்சிடும் நிறங்களும் கொண்ட மாதிரிகளை உருவாக்கிக் காட்டினார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்திப் பொன்னிற வாரைக் கட்டுகிற உடை, புராணத்தைக் காட்டிலும் அருங்காட்சியகத்துக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது.

காவியங்களைத் திறந்தால் நிறங்கள் கொட்டிக் கிடக்கின்றன. டிராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் எட்டாம் பாடல் தொடங்கும்போதே, குங்குமப்பூ நிற உடை உடுத்திய விடியல் பூமியெங்கும் பரவுகிறாள். அவளுக்குப் பெயர் ஈயோஸ். குங்குமப்பூ மஞ்சளில் ஒரு சட்டை, வெளுத்த சாம்பல் நீலத்தில் ஒரு கால்சட்டை. விடியற்காலை வானத்துக்கு வேறெதுவும் வேண்டாம். இதனோடு சேர்க்க எனக்குத் தெரிந்த மிகப் பொருத்தமான ஊசி சிள்வண்டு வடிவம் கொண்டது. ஈயோஸ் தன் காதலன் டித்தோனஸுக்குச் சாகாவரம் கேட்டாள், மூவாமையைக் கேட்க மறந்தாள். அவன் மூத்துச் சுருங்கி, கடைசியில் குரல் மட்டும் ஓயாத சிள்வண்டாகிப்போனான் என்பது பிற்காலக் கதை. பழைய ஏதென்ஸின் செல்வர்கள் தங்கச் சிள்வண்டு ஊசியால் முடியை முடிந்துகொண்டதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். ஆக, இந்த ஊசி கதைக்கும் சொந்தம், வாழ்ந்த மனிதர்களுக்கும் சொந்தம். தெருவில் எதிரே வருகிறவருக்கு அது அழகான ஒரு பூச்சி. அணிந்தவருக்கு மட்டும் ஒரு முழுக் காதல் கதை. அன்றாட உடையில் புராணம் இந்த அளவில் இருந்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மஞ்சள் எல்லா முகத்துக்கும் ஒத்துவராது; ஒத்துவராதவர்கள் அதை இடுப்புக்குக் கீழே கொண்டுபோகலாம், அல்லது பெர்செஃபொனியின் தாயான டிமீட்டரிடம் போகலாம். அவளைப் பற்றிய ஹோமரியத் துதிப்பாடல் அவளைக் கருநீல உடையாள் என்று அழைக்கிறது. மகளை இழந்து அலைகிறவளின் நிறம் அது. அதீனாவின் அடைமொழியை ஒளிரும் கண்ணாள் என்றும் சாம்பல் பச்சைக் கண்ணாள் என்றும் பெயர்க்கிறார்கள். ஒலிவ இலையின் அடிப்பக்க நிறத்தில் ஒரு மேல்சட்டை எடுத்தால் அவளுடைய மரமும் கண்ணும் ஒரே துணியில் வந்துவிடும்.

இனி, எந்தத் தெய்வத்தை எடுப்பது என்ற கேள்வி. இதில் அமர்ந்திருக்கும் தெய்வங்களைவிட நடக்கும் தெய்வங்களே அன்றாடத்துக்கு உரியவர்கள். இலியட்டின் பதினான்காம் பாடலில் ஹீரா தன் கணவனும் தெய்வங்களின் அரசனுமான சியுஸை மயக்க அலங்கரித்துக்கொள்ளும் காட்சி, கிரேக்க இலக்கியத்தின் மிக நிறைவான உடைக் குறிப்பு: அதீனா நெய்த ஆடை, பொன் ஊசிகள், நூறு குஞ்சங்கள் தொங்கும் இடுப்புக்கட்டு, மும்மணித் தோடு, சூரியனைப் போல வெளுத்த முக்காடு, போதாதென்று காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் மாயக் கச்சையையும் இரவல் வாங்குகிறாள். இதிலிருந்து குஞ்சம் வைத்த ஓர் இடுப்புக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் அப்படியல்ல. கவிஞர் கலிமகஸின் துதியில், சிறுமியாகத் தந்தையின் மடியில் உட்கார்ந்து, வேட்டையாட வசதியாக முழங்காலளவு உடை வேண்டும், அதற்கு வண்ணக் கரை வேண்டும் என்று அவளே கேட்கிறாள். கரை வைத்த முழங்கால் உடை, இடுப்பில் கட்டு, நடக்கத் தகுந்த காலணி: இதில் மாற்ற வேண்டியது எதுவுமே இல்லை. உடை நீளமாக இருந்தால் இடுப்புக்கட்டின் மேலாகத் துணியை இழுத்துத் தளரவிடலாம். அந்தக் காலத்திலும் நீளத்தைக் குறைத்த வழி அதுதான்.

ஆண்களும், தளர்ந்த உடை பிடிக்காத பெண்களும் தெய்வங்களின் தூதனான ஹெர்மிஸை எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய அகன்ற விளிம்புத் தொப்பியும், வலக்கை வீச இடம்விட்டு வலத்தோளில் குத்திய குறு மேலாடையும் கிரேக்க வழிப்போக்கர்கள் எல்லோரும் அணிந்தவையே. காலணியில் மட்டும்தான் தெய்வத்தன்மை. அதனால் தொப்பியும் குட்டை ஜாக்கெட்டும் எளிய நிறத்தில் இருக்கட்டும், செலவழிக்கிற பணம் காலணிக்குப் போகட்டும். இறக்கை அச்சிட்ட காலணியைத் தேட வேண்டியதில்லை. (ஹெர்மெஸ் என்ற பெயரில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்துக்கும் இந்தத் தெய்வத்துக்கும் உறவில்லை, அது 1837-இல் அதை நிறுவியவரின் குடும்பப் பெயர்.) கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸின் கம்பளிக் குல்லாவும் ஒரு தோள் திறந்த உழைப்பாளி உடையும் பட்டறைக்காரர்களுடையவை; கனத்த துணியில் தைத்த வேலைச் சட்டையும் கூம்புக் குல்லாவும் அணிகிறவர்கள் அறியாமலே அவனைப் பின்பற்றுகிறார்கள்.

நான் அடிக்கடி உடுத்துவது கடல் தெய்வமான தெட்டிஸின் உடையை. அவளுக்கு ஹோமர் தந்த அடைமொழி வெள்ளிப்பாதத்தாள். இலியட்டின் கடைசிப் பாடலில், சாகப்போகும் மகன் அக்கிலீஸை நினைத்து அழுதுகொண்டிருப்பவளைச் சியுஸ் அழைத்துவரச் சொல்கிறான். அவள் எழுந்து ஒரு கரிய முக்காட்டை எடுத்துக்கொள்கிறாள், அதைவிடக் கறுத்த ஆடை வேறில்லை என்கிறது பாடல். சாம்பல் நிறச் சட்டை, கால்சட்டை, கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும் கருநீலச் சால்வை, வெள்ளி நிற வார் வைத்த செருப்பு. ஊசி எதுவும் வேண்டாம். நடக்கும்போது கால் மட்டும் மின்னும்.